கலாம் ஐயாவின் உச்சரிப்பு

சென்ற வருடம் ஆங்கிலப் பேச்சுப் போட்டியொன்றில் பாதியிலேயே நிறுத்திவிட்டு இறங்கினேன். பேச்சு மறந்துபோகவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் என் உச்சரிப்பைப் போலச் சொல்லிக்காட்டிச் சிரித்தது காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது ஊரைக் கேட்டால் "ஹற்றன் பக்கம்" என்பேன். நல்லதண்ணி என்று சொல்ல வாய் வராது.

ஆசிரியை ஒருவர் அறிவுரை எதுவும் கூறாமல் ஒரு காணொளியை மட்டும் அனுப்பினார். இந்திய ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் ஐயா, 2007 ஏப்ரல் 25ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க் நகரில், ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரை அது. கடை மூடிய பின் வாப்பாவின் போனில் பார்த்தேன்.

முதலில் ஏமாற்றம்தான். மேடையை அதிரவைக்கும் குரல் இல்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோல நிதானமாகப் பேசுகிறார். நடுவில் எரிசக்தி பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தூக்கமும் வந்தது. ஆனால் அந்த ஆங்கிலம்! ஒவ்வொரு சொல்லிலும் இராமேஸ்வரத்துத் தமிழின் ஓசை அப்படியே இருந்தது. அதை மறைக்க அவர் முயலவேயில்லை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று அடியை அந்தச் சபையில் தமிழிலேயே சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த இடத்தை நான்கு தடவை திருப்பிக் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. உரை முடிந்ததும் கைதட்டல் ஓய நேரமானது.

பக்கத்தில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த வாப்பா, "இவர் நம்மட ஆள் மாதிரியே பேசுறாரே மகள்" என்றார்.

கலாம் ஐயாவின் வாப்பா இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இதை வாசித்திருக்கிறேன். என் வாப்பா மலையேற வருபவர்களுக்குத் தேநீரும் கம்பளித் தொப்பியும் விற்கிறார். நாங்கள் பாவா ஆதம் மலை என்கிறோம், தோட்டத்து மக்கள் சிவனொளிபாதமலை என்கிறார்கள், சிங்களவர்கள் ஸ்ரீ பாத என்கிறார்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை எங்கள் கடைக்கு இரவே கிடையாது. வாப்பாவின் சிங்களத்திலும் தமிழ் ஓசை உண்டு. சின்ன வயதில் அதற்காகவே கடைக்குப் போக வெட்கப்பட்டிருக்கிறேன். வாங்க வந்தவர்கள் யாரும் அதைக் கேட்டுச் சிரித்ததாக எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

இந்த சீசனில் ஒரு வெள்ளைக்கார அம்மா கடைக்கு வந்து, சூரிய உதயம் பார்க்க எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும், மேலே குளிர் அதிகம், தொப்பி இல்லாமல் போகாதீர்கள் என்று என் ஆங்கிலத்தில், என் உச்சரிப்பிலேயே சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நீ எந்த ஊர் என்றார்.

"நல்லதண்ணி" என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.