மூன்று முறை எழுந்த பையன்

மாசாயில் எங்கள் வீட்டு அலாரம் விடியற்காலை நாலு மணிக்கு அடிக்கும். அப்போதே மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் காஸ்வேயைத் தாண்டி நேரத்துக்குச் சிங்கப்பூர் வேலையில் நிற்கலாம். அதனால் ராத்திரி பத்துக்கு மேல் யார் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேட்காது. பாட்டி கூப்பிட்டாலும்.

பாட்டிக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. "தம்பி... கொஞ்சம் தண்ணி குடுய்யா" என்பார். நான் தூங்குவதுபோல் கிடப்பேன். அம்மா எழுந்து போவார்.

அந்த நாட்களில்தான் முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா என்ற எண்ணம் எனக்கு. சபைப் போதகர், "கர்த்தர் உன்ன எப்படி அழைச்சாருன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வாப்பா" என்றார். இரண்டு வாரம் தாள் வெள்ளையாகவே கிடந்தது. நான் கேட்டு வளர்ந்த சாட்சிகளில் ஒரு வெளிச்சம் இருக்கும், இல்லாவிட்டால் உயிர் தப்பிய ஒரு விபத்து. என்னிடம் இருந்தது காஸ்வே நெரிசல்தான்.

சாமுவேலின் முதல் புத்தகம், மூன்றாம் அதிகாரத்தை எடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டு, பையன் ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் பெரியவர். இப்படி மூன்று தடவை. அவனுக்கு ஆண்டவர் குரல் அடையாளம் தெரியவில்லை என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தார்கள். இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. ஏலிக்கும் பார்வை மங்கியிருந்தது. அவர் நடுராத்திரியில் கூப்பிடுவது பையனுக்குப் பழகிப்போயிருக்க வேண்டும் (இது என் ஊகம், வேதத்தில் இல்லை). மூன்றாவது தடவையும் அவன் எழுந்துதான் போனான். நான் முதல் தடவைக்கே புரண்டு படுப்பவன்.

கடைசியில் அவனுக்குக் கிடைத்த செய்தியும் ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகும் கேடுதான். சொல்லப் பயந்து விடியும்வரை படுத்திருக்கிறான், பிறகு ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை பெரும்பாலும் இதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கும் அந்தப் பெயர்தான். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்தார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. 1909-இல் அவரே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்னக்கல்லுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தொடக்கத்தில் இருந்தது, 'நம்ம ஊர்ல ஏன் இல்ல' என்ற உறுத்தல் என்றே நான் வாசிக்கிறேன்.

அன்று ராத்திரி பாட்டி கூப்பிட்டார். எழுந்தேன். எரிச்சலோடுதான்.

"யாரு, அம்மாவா?"

"நாந்தான் பாட்டி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு மணி கேட்டார்.

"ரெண்டரை."

"வேலைக்குப் போவணுமே... செத்த உக்காந்துட்டுப் போ."

அலாரம் அடித்தபோது ரெங்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கதை பாதியில் இருந்தது.

தாள் இன்னும் பையில்தான் இருக்கிறது. போதகர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.