பாபநாசம் மருந்துக்கடை

எழுபதுகளில் தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்தில் என் மாமா மருந்துக்கடை வைத்திருந்தார். அதற்கு முன் ஒரு டாக்டரிடம் பல காலம் கம்பவுண்டராக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராகப் போவது அந்தக் கடைக்குத்தான். கபிஸ்தலம், ராஜகிரி, பண்டாரவாடை என்று பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற சனம், இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டும். பலவற்றில் வெற்றிலைச் சாறு பட்டிருக்கும்.

மாமா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் படிக்கையில் நானும் எட்டிப் பார்ப்பேன். மருந்தின் பெயர் பிடிபடாது. அதன் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் எல்லாச் சீட்டிலும் திரும்பத் திரும்ப வரும். கேட்டால் மாமா சலிக்காமல் சொல்லுவார். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். போட்டிருந்தால் படுக்கப் போகும்போது. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பிட்ட பின். ஸ்டாட் என்றால் உடனே.

“எல்லாம் லத்தீன்டா. வீட்டுல ஒருத்தரும் பேசாத பாஷை. அதுல எழுதித்தான் நம்ம சனத்துக்கு மருந்து போகுது” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிவிடும்.

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அம்மாவுக்கு மருந்து வாங்க வந்தாள். ஹைஸ்கூலில் படிக்கிறவள். சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. மூழ்கப் போகிற கப்பல் அனுப்புகிற செய்தி என்று பாடத்தில் படித்திருந்தாளாம். “ஆபத்து ஒண்ணும் இல்லம்மா. வலி வந்தா மட்டும் குடுக்கணும், இல்லாட்டி வேணாம். அவ்வளவுதான்” என்று மாமா சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஒவ்வொரு மருந்தும் தனித்தனிப் பழுப்புக் கவரில் போகும். அதன் மேல் காலை, மதியம், இரவு என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதுவார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம். பாதிச் சூரியன் காலை, முழுச் சூரியன் மதியம், பிறை நிலா இரவு. வரைவது என் வேலை. அதோடு விடமாட்டார். “எங்க பெரியம்மா, எப்படிச் சாப்பிடணும், நீங்க சொல்லுங்க” என்று கேட்டு, சரியாகச் சொன்ன பிறகுதான் கவரைக் கொடுப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகும், அதனால்தான் சோற்றுக்கு அப்புறம் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவார். காரணம் தெரிந்தவர்கள் மறப்பதில்லை என்பது அவர் கண்ட அனுபவம்.

வேறு ஊரில் ஏதோ ஒரு கடையில் ஒரு தாத்தாவுக்கு மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, “சீட்டுல உள்ளபடி சாப்பிடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் ஒன்று மட்டும் போடவேண்டிய நீர் பிரியும் மாத்திரையை, மற்றதோடு சேர்த்து மூன்று வேளையும் போட்டிருக்கிறார். உடம்பில் நீரும் உப்பும் வற்றி, கிறுகிறுத்து, கொல்லையில் விழுந்துவிட்டார். பிழைத்தார். அந்தச் சீட்டில் ஓ.டி. என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அதை அவருக்குத் தமிழில் சொல்ல ஆள் இல்லை. இதைக் கேள்விப்பட்ட அன்று முழுக்க மாமா யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மருந்தைப் பொதுப்பெயரில், படிக்கும்படியாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. அமெரிக்காவில் 2004-லேயே சில சுருக்கங்களை விலக்கச் சொல்லிப் பட்டியல் போட்டார்கள். இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் அது சுழியம்போலத் தெரிந்து, பத்து யூனிட் நூறாகிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கே இப்போது 1-0-1 என்று எண்ணில் எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாளைக்கு என்பதை அந்த எண்கள் சொல்லாது.

அதனால் மருந்துக்கடையில் பணத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். எத்தனை வேளை, எப்போது, எதுவரை என்று கேளுங்கள். கவர் மேல் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், அவர்கள் வாயால் ஒரு தரம் சொல்லக் கேளுங்கள்.