முள்வேலியும் மலைச்சோலையும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் நாம் பலமுறை பயணம் செய்ததுண்டு. ஆயினும் அங்கு வாழும் சிலந்திகளைக் கண்ணெடுத்துப் பார்த்தது சென்ற ஆண்டு நவம்பரில்தான். அதற்கு நமது தவறொன்றே காரணமாயிற்று. அதையும் வாசக அன்பர்களிடம் ஒளிக்காமற் கூறிவிடுகிறோம்.

நமது பங்கு சமவெளியில் உள்ளது. கருவேலும் கள்ளியும் மண்டிய வறண்ட நிலம். கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரம் கல்லறைத் தோட்டத்தைச் செப்பனிடச் சென்றோம். வேலியோரக் கருவேலங்கிளையில் சருகும் பூச்சிகளின் சிறகும் ஒட்டிய அழுக்குப் பஞ்சுமூட்டை ஒன்று தொங்கியது. அதைச் சுற்றிச் சாம்பல் நிற வலைகள். "பார்க்க அலங்கோலமாயிருக்கிறது, கொளுத்திவிடும்" என்று கோவில்பிள்ளையிடம் கூறினோம். உடன் வந்த பூசை உதவிச் சிறுவன், "சாமி, உள்ளே நிறைய இருக்கு சாமி" என்றான். நாம் செவிசாய்க்கவில்லை. ஒரு நொடியில் எல்லாம் எரிந்து அடங்கியது.

அம்மாத இறுதியில் தியானத்திற்காகச் செண்பகனூர் புறப்பட்டோம். மழையில் மரமொன்று சாய்ந்து பாதையை மறித்ததால் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தபோது, இரு மரங்களுக்கிடையே ஆளுயரத்திற்கு மேல் விரிந்த பெருவலையைக் கண்டோம். வெயில் பட்டதும் அதன் இழைகள் பொன்னாய் மின்னின. நடுவில் தலைகீழாக அமர்ந்திருந்த பெண் சிலந்தியின் உடல் மட்டுமே நம் சுண்டுவிரல் நீளத்திற்குச் சற்றுக் குறைவு. மஞ்சள் கோடிட்ட கருமேனி. அதே வலையின் ஓரத்தில் நெல்மணியளவு செந்நிறச் சிலந்தி ஒன்று. குஞ்சு என்றே எண்ணினோம். அதுதான் வளர்ந்த ஆண் என்று பின்னர் அறிந்து வியந்தோம்! இவ்வின வலைகளில் வெள்ளிப் பொட்டுப் போன்ற நுண்சிலந்திகளும் குடியிருந்து, வீட்டுக்காரி அறியாமல் சிற்றிரைகளைத் திருடித் தின்னுமாம்.

செண்பகனூரில் சேசு சபையினர் 1895-இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும், அதன் உயிரின அருங்காட்சியகமும் பலரும் அறிந்தவை. அங்கே சிற்றுயிர்களில் ஈடுபாடுள்ள முதிய குரு ஒருவரிடம் வழியிற் கண்டதைக் கூறினோம். பேச்சு வளர்ந்தது. நம் வீட்டுச் சுவரில் இரவில் திரியும் தட்டையான பெருஞ்சிலந்தி வலையே பின்னுவதில்லை. கரப்பான் பூச்சிகளை ஓடிப் பிடிக்கிறது. வயல்வரப்பில் ஓடுவது தன் குஞ்சுகளை முதுகில் சுமக்கிறது. மாமரத்தில் முசுறு எறும்புகளின் நடுவே, முன்னங்கால்களை உணர்கொம்புபோல் உயர்த்தி எறும்பாகவே நடிக்கும் சிலந்தியும் உண்டு.

இறுதியில், நாம் எரித்த மூட்டையைப் பற்றியும் கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகே விளக்கினார். சிலந்திகள் பெரும்பாலும் தனித்து வாழ்பவை. ஒன்றையொன்று கொன்று தின்னவும் தயங்காதவை. ஆனால் இவ்வினம் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் கூடி வாழ்வது. இலங்கையில் சாரசின் என்னும் சுவிஸ் ஆய்வாளர் இருவர் சேகரித்தவற்றை ஆராய்ந்து, 1892-இல் கார்ஷ் என்பவர் அவர்கள் பெயரையே இதற்குச் சூட்டினார். இதன் வலையில் பசை கிடையாது. பஞ்சுபோன்ற நுண்ணிழைகளே இரையின் கால்களைச் சிக்கவைக்கும். வெட்டுக்கிளி விழுந்து வலை அதிர்ந்தால் பலவும் ஓடிவந்து சேர்ந்து இழுக்கும், சேர்ந்தே உண்ணும். குஞ்சுகள் பொரிந்தபின் தாய் முதலில் தன் வாயிலிருந்து உணவைச் சுரந்து ஊட்டுகிறது. பின்னர்க் குஞ்சுகள் அதன் உடலையே உண்கின்றன. தாய் விலகி ஓடுவதில்லை.

பழைய பீடங்களில் பெலிக்கான் பறவை தன் மார்பைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் உருவத்தைக் கண்டிருப்பீர்கள். அப்பறவை உண்மையில் அவ்வாறு செய்வதில்லை, அது பழங்கதை. சிலந்தியோ செய்கிறது. யோபு ஆகமமும் இசையாஸ் ஆகமமும் சிலந்தி வலையைத் தீயோரின் பயனற்ற செயலுக்கு உவமையாக்கியதையே மறையுரைகளில் எடுத்தாண்டு வந்த நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இவ்வாண்டு மழைக்குப்பின் அதே வேலியில், பத்தடி தள்ளி, மற்றொரு மூட்டை தோன்றியது. விதவைத் தாய் ஒருவர், "எங்க வீட்டுக்காரர் கல்லறைக்கு மேலே ஒட்டடை தொங்குதே சாமி! போன வருசம் மாதிரி கொளுத்தச் சொல்லுங்க" என்று முறையிட்டார். அவர் வருத்தமும் நியாயமானதே. ஆகவே சிலந்திகள் கூட்டுக்குள் அடங்கியிருந்த நண்பகலில், கோவில்பிள்ளை அக்கிளையைக் கூட்டோடு வெட்டி, பின்புற வேலியிலுள்ள வேறொரு கருவேலில் கட்டினார். பிழைக்குமா என்று நமக்கு ஐயம். அச்சிறுவன் நாள்தோறும் போய்ப் பார்த்துவந்தான்.

நான்காம் நாள் காலை, பூசைக்கு முதல் மணி அடிக்குமுன் சக்கிறீஸ்துக்குள் ஓடிவந்து, "சாமி, புது வலை போட்டிருக்கு!" என்றான். திருவுடை அணிய இன்னும் நேரமிருந்தது. அவனோடு நாமும் போய்ப் பார்த்துவந்தோம்.