பள்ளத்தாக்குக்கு ஒரு மூடி

மேலே போகப் போகக் குளிரும் என்பது ஊட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதை நம்பி, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஒரு ஜனவரிக் காலையில் இரண்டு ஸ்வெட்டர், கோட்டு, குரங்குக் குல்லா சகிதம் மலையேறக் கிளம்பினேன். அறையிலோ அதற்கு முன்பே உறைந்திருந்தேன். விடிந்ததும் வீட்டுக்காரம்மா வந்து ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டுப் போயிருந்தார். உறைபனியிலும் பத்து நிமிஷம் 'நல்ல காற்று' உள்ளே வரவேண்டுமாம். என்ன ஊரப்பா இது!

நகரம் இருப்பது 574 மீட்டரில். ரோப் கார் பழுப்பு மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்ததும் பளீரென்று வெயில். 1905 மீட்டரில், ஸேகுரூபேயில் இறங்கினால் முதுகில் வியர்வை! கழற்றிய துணிகளைச் சலவைக்காரர் மாதிரி கையில் சுமந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். பள்ளத்தாக்கு முழுக்க ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் தட்டையான புகைப்படலம். இவ்வளவு நேரம் அதைத்தானா சுவாசித்தேன்?

கூட வந்த ஆய்வு மாணவர் விளக்கினார். இரவில் சரிவுகள் குளிர, கனத்த காற்று வழிந்து அடியில் தேங்குகிறது; மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடியாகிவிடுகிறது. போகியன்று சென்னையில் புகை எழும்பாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்குமே, அதே சங்கதிதான். இங்கே போகி தினமும்: பிரென்னர் கணவாய் வழியாக வருஷத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் லாரிகள். காற்றுக்காகவே நெடுஞ்சாலையில் வேகம் 100 கிலோமீட்டர்தான்.

மதியம் கம்ப்யூட்டரில் 'கிரால்' காட்டினார். புகை எப்படிப் பரவும் என்று கணக்கிட, கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான மாடல். காற்று ஒரே திசையில் சீராக வீசும் என்று வைத்துப் போடும் பழைய கணக்கு இங்கே உதவாது. பகலில் பள்ளத்தாக்கின் மேற்புறம் ஏறும் காற்று, இரவில் திரும்பி இறங்கும். இடையில் அசையாமல் மலைத்து நிற்கும். அதனால் சாலைமேல் ஏராளமான துகள்களை விட்டு, ஒவ்வொன்றும் எங்கே அலைகிறது என்று பின்தொடர்கிறார்கள். நானும் ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். அது சரிவில் கொஞ்சம் ஏறியது, தயங்கியது, வந்த வழியே இறங்கிச் சாலையோரமே படுத்துவிட்டது. சோம்பேறி!

"நான் தங்கியிருக்கும் வீடு எங்கே?" என்றேன். மவுஸை நெடுஞ்சாலைப் பக்கம் நகர்த்தினார். வாடகை ஏன் மலிவு என்று அப்போதுதான் புரிந்தது. திரையின் மாசு வரைபடத்தில் அந்த இடம் சிவப்பிலேயே அடர் சிவப்பு.

மறுநாள் விடியலில் கதவைத் தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா சிரித்தபடி நேராக ஜன்னலை நோக்கி நடந்தார்.