சக்கரத்தின் மேல் ஒரு வீடு

பாலைத்திணையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் வளங்குன்றித் திரிந்த நிலமே பாலை என்று சொல்லி வந்தேன். வெம்மை இன்றியும் பாலை உண்டு என்பதை 2023 ஆம் ஆண்டு சூன் திங்களில் லடாக்கில் கண்டேன். அத்திணையின் உரிப்பொருளாகிய பிரிவை நான் உள்ளபடி உணர்ந்ததும் அங்கேதான்.

ஓசூரில் எங்கள் தெருவை அடுத்துச் செல்லும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கன்னியாகுமரியையும் காசுமீரத்துச் சீநகரையும் இணைப்பது. முன்னாளில் இப்பகுதியில் அதற்கு 7 ஆம் எண். என் அத்தா அச்சாலையில் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். கிருஷ்ணகிரி மாங்காயும் சிப்காட் தொழிற்பேட்டைச் சரக்கும் ஏற்றி வடக்கே செல்வார். திரும்பி வரப் பல நாள் ஆகும். அந்நாளில் சூசூவாடி வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் நிற்கும். அம்மா தரும் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு நான் ஓடுவேன். உடன் பயிலும் மாணவர் எவரேனும் பார்க்கின்றனரா என்று சுற்றுமுற்றும் பார்த்த பின்னரே வண்டியை நெருங்குவேன்.

லே நகரில் இறங்கி, உடல் அவ்வுயரத்துக்குப் பழகவென இரண்டு நாள் தங்கினோம். அந்நகர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூச்சுக்காற்று கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரு பங்கே கிடைக்கும். பின்னர், படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்திய கேரவன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, 5,359 மீட்டர் உயரக் கர்துங் லா கணவாயைக் கடந்து, நூப்ரா பள்ளத்தாக்கின் உண்டர் மணற்குன்றுகளை அடைந்தோம்.

பருவமழை மேகங்களை இமயம் தடுத்து நிறுத்திவிடுவதால் அது பாலையாயிற்று. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை, ஏறத்தாழ 100 மில்லிமீட்டர், நம் ஊரில் ஓரிரு பெருமழை நாளில் பெய்துவிடும். ஒருபுறம் வெண்மணல், மறுபுறம் பனிமுடி, இடையே இரட்டைத் திமில் ஒட்டகங்கள். யார்கண்டு வணிகப் பாதையில் பொதி சுமந்த ஒட்டகங்களின் வழிவந்தவை அவை.

காட்சி இனித்தது, வாழ்க்கை இனிக்கவில்லை. நீர் அங்கே 90 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் இட்ட அரிசி நெடுநேரமாகியும் வேகவில்லை. தொட்டி நீரை அளந்து செலவிட வேண்டியிருந்தது. ஒரு குவளை நீரில் ஒளுச் செய்தபோது, வழியில் சிறு போத்தல் நீரில் ஒளுச் செய்து தொழுததாக அத்தா கூறியது நினைவுக்கு வந்தது. அன்று அதனை நான் ஒரு செய்தியாகவே கேட்டிருந்தேன்.

நள்ளிரவில் தலைவலியால் விழித்தேன். முன்னிருக்கையில் வண்டியோட்டி கம்பளியைப் போர்த்து, அமர்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். விடிந்ததும், "உள்ளே படுத்திருக்கலாமே" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "எனக்கு இதுதான் வீடு, ஐயா" என்று சிரித்தார்.

நாங்கள் இரண்டு இரவுக்குப் பணம் கொடுத்துப் பெற்ற அனுபவத்தில் அத்தா முப்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறார். பொருள்வயிற் பிரிவைத் தேர்வுக்கு வரும் வினாவாக நடத்திய எனக்கு, அதன் தலைவன் சூசூவாடி வரிசையில் சோற்றுத்தூக்குக்குக் காத்திருந்தது தெரியாமற் போயிற்று. வீட்டிற் காத்திருந்த தலைவி என் அம்மாதான்.

கல்லூரியில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்னுமிடத்தில் 'வணிகம்' என்று எழுதினேன். அத்தா எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லவர். அச்சொல்லின் மீது அவர் விரல் சற்று நின்றது. ஒன்றும் கூறாமல் கையொப்பமிட்டார். அக்கட்டணமும் லாரி ஓட்டிச் சேர்த்த பணமே. அச்சொல்லைத் திருத்திக் காட்ட இன்று அவர் இல்லை.

ஆண்டுதோறும் சேர்க்கையின்போது மாணவர் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வருகின்றன. அவ்விடத்தில் எழுதத் தயங்கும் பிள்ளையைக் கண்டால் இக்கதையைச் சொல்கிறேன். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையின் தொழிலை உள்ளபடி எழுதுங்கள். அவர் கையொப்பமிடும்போது விரல் தயங்காதிருக்கட்டும்.