ஏற்றத்துக்கு நூறு, வற்றத்துக்கு இருநூறு

ஜனவரி 26, ஞாயிறு

பிள்ளைகளின் முதல் படம் இன்று முடிந்தது. 25 நொடி ஓடுகிறது. ஹூக்ளி ஆறு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான் கதை. ஆற்றுநீர் முழுக்க ஜீன்ஸ் துணி. கொல்கத்தாவின் கார்டன் ரீச்சிலும் ஒட்டியுள்ள மெட்டியாபுரூஸிலும் சந்துக்குச் சந்து தையல் கூடங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாக வாசலில் கிடக்கும். தையல் கூடம் நடத்துபவரை இங்கே ஓஸ்தாகர் என்பார்கள். அப்படி ஓர் ஓஸ்தாகர் வீட்டுப் பையன்தான் கருநீலத் துண்டுகளை ஆழத்துக்கும் வெளுத்ததை மேல்மட்டத்துக்கும் என்று பிரித்து அடுக்கினான். படித்துறையின் படிகள் தீப்பெட்டி அட்டை. படகு பழைய காலண்டர்த் தாள்.

மேசைக்கு மேலே கைபேசியைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறோம். துணியை நூலளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். நொடிக்கு 12 படம் இருந்தாலே கண் அதை ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது. திரையரங்கில் ஓடுவது 24. ஆக 25 நொடிக்கு 300 படங்கள். ஓர் ஏற்றமும் ஒரு வற்றமும் சேர்ந்தால் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் என்று படித்திருக்கிறார்கள். ஒரு படத்துக்கு ஆற்றின் நேரத்தில் இரண்டரை நிமிடம் என்ற கணக்கை அவர்களே போட்டார்கள். ஏறுவதற்கு 150, இறங்குவதற்கு 150 என்று சரிபாதியாகப் பிரித்ததும் அவர்கள்தான். அந்தப் பாதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

விடிந்ததும் படித்துறைக்குப் போய்விட்டோம். நாளை சரஸ்வதி பூஜை என்று சிலர் பந்தல் வேலைக்கு ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கார்டன் ரீச்சில் இருப்பதால் குவார்ட்டர்ஸில் தெலுங்கு, ஒடியா, தமிழ் வீடுகள் உண்டு. சந்துகளிலிருந்து வரும் பிள்ளைகள் உருதுவும் வங்காளியும் பேசுவார்கள். எல்லோருக்கும் நான் திதிமணி, அதாவது டீச்சர்.

அளவுகோல் படித்துறைதான். நீர் எந்தப் படியில் நிற்கிறது என்று கால்மணிக்கு ஒருமுறை நோட்டில் குறிக்க வேண்டும். எதிர்க்கரையில் 1787இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் மரங்கள் பனியில் மங்கலாகத் தெரிந்தன. நடு ஆற்றில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் கடல் பக்கமாக மிதந்து போய்க்கொண்டே இருந்தன. காலை முழுக்க அதே திசை. படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் திட்டுகள் தயங்கின, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன.

“திதிமணி, திரும்புது! ஊருக்குள்ள போகுது!” என்று எட்டாம் வகுப்புப் பெண் கத்தினாள். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ளே இருக்கிற ஊர் இது. இங்கே வரை கடல் ஆற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதைத் தன் கண்ணால் கண்ட கத்தல் அது. அதன் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. நாள் முழுக்க வெளிவந்த படிகளெல்லாம் பொழுது சாய்வதற்குள் மூழ்கிவிட்டன.

நோட்டைப் பார்த்தார்கள். வற்றம் விடியலுக்கு முன்பே தொடங்கி மதியம் தாண்டியும் நீடித்திருக்கிறது. ஏற்றம் அதில் ஏறக்குறையப் பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. 150, 150 தப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஓதத்தைப் பற்றி அசைபடம் பார்க்காத பிள்ளைகள் இல்லை இவர்கள். பூமியைச் சுற்றி நீல முட்டை வடிவம், மூலையில் நிலா, பின்னணியில் இனிமையான குரல். அதில் ஏற்றமும் வற்றமும் சமமாகத்தான் இருக்கும். பார்த்தவர்கள் யாருக்கும் கேள்வி எழவில்லை. துணியைக் கையால் நகர்த்தும்போது இந்தமுறை எவ்வளவு நகர்த்துவது என்ற கேள்விக்கு 300 முறை பதில் சொல்லியாக வேண்டும். பதில் தெரியாத இடம் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் நல்ல அசைபடம் ஒன்றைத் தேடிக் காட்டுவதைவிட, சுமாரான ஒன்றைப் பிள்ளைகள் எடுக்கட்டும் என்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏன் ஏற்றம் விரைவாக வருகிறது? இந்த வாரம் முழுக்க இதுவே பேச்சு.

ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழம் தீர்மானிக்கிறது. அலையின் முகட்டுக்கடியில் நீர் அதிகம், அதனால் அது விரைகிறது. தாழ்விடத்துக்கடியில் நீர் குறைவு, அது பின்தங்குகிறது. ஆற்றுக்குள் நுழையும் ஓதமும் ஓர் அலைதான், மிக நீண்ட அலை. மேலே வர வர முகடு முன்னால் போகும் தாழ்வை நெருங்குகிறது. முன்பக்கம் செங்குத்தாகிறது, பின்பக்கம் நீள்கிறது. ஆற்றின் சொந்த ஓட்டமும் ஏற்றத்தை எதிர்த்து வற்றத்துக்குக் கைகொடுக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, நான் எதையும் வரைந்து காட்டவில்லை. ஒரு விதி மட்டும் கொடுத்தேன்: துணி அலையை மெல்லிய பட்டைகளாக வெட்டுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் மேல்பட்டையை மூன்று நூல், நடுப்பட்டையை இரண்டரை நூல், அடிப்பட்டையை இரண்டு நூல் நகர்த்துங்கள். எடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது அழகான மேடாகக் கிளம்பிய அலை, போகப் போக முன்னால் சாய்ந்து, கடைசியில் சுவராக நின்றது. அந்தச் சுவரை யாரும் வரையவில்லை. ஒரு கணம் அறையில் சத்தமே இல்லை, பிறகு ஓஸ்தாகர் வீட்டுப் பையன் சொன்னான்: “இது பான்!”

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஹூக்ளியில் எழுகிற அலைச்சுவரைத்தான் இங்கே பான் என்கிறார்கள். வாய் அகன்று உள்ளே குறுகும் ஆறுகளில் அது வரும். சீனத்தின் சியாண்டாங் ஆற்றிலும் இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றிலும் அதைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது. இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்ப்பது அது. தங்கள் விரல்கள் நகர்த்திய துணிக்குள் அது தானாக வந்து நின்றதும் அவர்கள் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை.

படத்தை அந்தந்த ஊரே எடுக்கட்டும் என்பது புதிதில்லை. 1949இல் கனடாவின் அசைபடக் கலைஞர் நார்மன் மெக்லாரன் யுனெஸ்கோ அனுப்பிச் சீனத்துக்குப் போய், கிராமச் சுகாதாரத்துக்காகப் படம் எடுக்க உள்ளூர்க் கலைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் இதே வேலைக்காக இந்தியாவுக்கும் வந்தார். வெளியிலிருந்து படத்தைக் கொண்டுவருவதைவிடப் படம் எடுக்கும் கையை அந்த ஊரிலேயே உண்டாக்குவது என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. 2011இல் ஷாரன் எய்ன்ஸ்வொர்த், வான் பிரெய்ன், ரஸல் டைட்லர் மூவரும் ‘சயன்ஸ்’ இதழில், அறிவியல் வகுப்பில் படிப்பதோடும் எழுதுவதோடும் வரைவதற்கும் சம இடம் வேண்டும் என்று வாதிட்டார்கள். வகுப்பறையில் ஓவிய நோட்டு இன்னும் தனி அலமாரியில்தான் இருக்கிறது.

புதுக் கணக்கு: ஏற்றத்துக்கு 100, வற்றத்துக்கு 200.

பிப்ரவரி 16, ஞாயிறு

பத்தாம் வகுப்பு மாத்யமிக் தேர்வு நடக்கிறது. மாடியில் ஒரு பெண் படிக்கிறாள், அதனால் படத்துக்கான பாட்டெல்லாம் இன்று மெல்லிய குரலில்.

தபேலா கற்கும் சிறுமிதான் சொன்னாள்: ஏக்தாலத்துக்கு 12 மாத்திரை, ஓதத்துக்கும் 12 மணி. அதில் நாலு ஏறட்டும், எட்டு இறங்கட்டும். கொன்னக்கோல் தெரிந்த எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பையன் உடனே ‘தகதிமி’ என்று ஏற்றத்துக்கும், ‘தகதிமி தகஜணு’ என்று வற்றத்துக்கும் போட்டான். ஏறும் வரிக்கு ஒரு மூச்சு, இறங்கும் வரிக்கு இரண்டு. வார்த்தைகளை வங்காளியில் கூடி எழுதினார்கள். ஏற்றத்துக்காகக் காத்திருக்கும் கப்பல், திறக்கும் கித்திர்பூர் லாக் கேட், எதிர்த்திசையில் போகும் ஆகாயத்தாமரை எல்லாம் வருகின்றன. 1884இல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1961இல் சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பலான ‘அஜய்’யைக் கட்டிக்கொடுத்த கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளமும் ஒரு வரியில் உண்டு, ஒரு பையனின் தாத்தா அங்கே வெல்டராக இருந்தவர்.

இந்தக் கரைக்குப் பாட்டு புதிதில்லை. 1856இல் அரசைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா இங்கே வந்து, 1887இல் இறக்கும்வரை மெட்டியாபுரூஸில் வாழ்ந்தார். தும்ரியும் கதக்கும் அவரோடு வந்தன, தையல்காரர்களும் வந்தார்கள். அவரை அடக்கம் செய்த சிப்தைனாபாத் இமாம்பாரா இந்தப் பிள்ளைகள் தினம் கடக்கும் சாலையில் இருக்கிறது.

என் காதில் இன்று வேறொரு பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 1987 அக்டோபர் 2 தொடங்கி நவம்பர் 7, அறிவியலாளர் சி.வி. ராமன் பிறந்த நாள் வரை நாடெங்கும் போன பாரத் ஜன் விஞ்ஞான் ஜாத்தா என்ற மக்கள் அறிவியல் பயணத்தின் பாட்டு அது. 1980இல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1986இல் பிறந்த பஸ்சிம் பங்க விஞ்ஞான் மஞ்சும் அறிவியலைத் தெருமுனைக்குப் பாட்டாகக் கொண்டுபோன காலம். அந்த 1987இல்தான் சிறுவர் அறிவியல் இதழ் ‘துளிர்’ வந்தது. அந்தப் பாட்டுகளைப் பெரியவர்கள் எழுதினார்கள், நாங்கள் தொண்டை கிழியப் பாடினோம். இன்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். எனக்கு இதுதான் அந்த வேலையின் அடுத்த படியாகத் தோன்றுகிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

தேசிய அறிவியல் நாள். 1928இல் இதே தேதியில், இதே ஊரில், பௌபஜார் தெரு 210ஆம் எண் ஆய்வகக் கட்டடத்தில் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. ராமன் 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். வேலைக்கு முன்னும் பின்னும் அந்த ஆய்வகத்தில் இருப்பார். ஒளியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் ஒலியில் மூழ்கியிருந்தார்: வயலின், வீணை, தம்புரா, தபேலா, மிருதங்கம்.

வெறும் தோல் கட்டிய பறையைத் தட்டினால் எழும் மேலொலிகள் அடிப்படை ஒலியின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். அதனால் அதில் சுருதி நிற்பதில்லை. தபேலா, மிருதங்கத்தின் நடுவே பூசிய கருப்பு வட்டம் அந்த மேலொலிகளை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளுக்கு இழுத்துவருகிறது. 1920இல் குமார் என்பவருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ராமன் இதை எழுதினார். 1934இல் பெங்களூரிலிருந்து எழுதிய விரிவான கட்டுரையில், தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால் அதிராத கோடுகளில் மணல் வந்து சேர்வதைப் படங்களாகக் காட்டினார்.

மணலுக்குப் பதில் நாங்கள் ரவை எடுத்தோம். சிறுமி தபேலாவின் ஓரத்தில் ஒரு விரலை லேசாக வைத்து மறுவிரலால் தட்ட, ரவை துள்ளி ஒரு விட்டத்தின்மேல் போய் நின்றது. விரலை மாற்றினால் கோடும் மாறியது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்தோடும் அந்தத் தட்டின் ஒலி. வரிசையாக ஓட்டினால் ஒலியும் கோலமும் கூடவே மாறுகின்றன. இந்தப் படத்தில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, வேண்டியதும் இல்லை.

ஒரு வருத்தம் உண்டு. 1989இல் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் நிறுவனம் நடத்திய தேசிய அறிவியல் திரைப்பட விழாவில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் எடுத்த படங்களுக்குத் தனிப்பிரிவு இருந்தது. 2023இல் அந்த நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். பிள்ளைகளின் படத்தைப் பெரியவர்களின் படத்துக்குச் சமமாகத் திரையிட்டு அலசிய இடம் அது. அதை இழந்தது சின்ன விஷயமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ரமலானின் முதல் நோன்பு இன்று. பெரிய பிள்ளைகள் சிலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார்கள். அமாவாசை கழிந்த நேரம் என்பதால் பான் வரும் என்று படித்துறையில் எச்சரிக்கை. படகுகள் கரையை விட்டு நடு ஆற்றுக்குப் போய்விட்டன. கரையில் மோதினால்தான் உடையும், நடுவில் இருந்தால் ஏறி இறங்கிவிடலாம்.

பான் போன பிறகு, படித்துறை மரத்தடியில் வெள்ளை வேட்டி கட்டி நிழலுக்குப் போர்வை போட்டுப் படம் காட்டினோம். புதிய 300 படங்களும், தகதிமியும். படகோட்டிகள், தையல்காரர்கள், தாய்மார்கள் என்று கூட்டம். லிவர்பூலிலுள்ள உலகக் கடல்மட்டப் பதிவகத்தில் கார்டன் ரீச் என்ற பெயரிலேயே ஓர் ஓத நிலையம் உண்டு என்றும், இந்தப் படித்துறைக் கணக்கு அதன் உறவுக்காரக் கணக்கு என்றும் எட்டாம் வகுப்புப் பெண் உருதுவில் அறிமுகம் செய்தாள்.

இரண்டாவது முறை ஓடியபோது வயதான படகோட்டி ஒருவர் கையைத் தூக்கினார். “இது இப்ப உள்ள கங்கை, பேட்டா. மழைக்காலத்துல மேலேயிருந்து தண்ணி வரும். அப்ப இறங்குறது இன்னும் நீளும், ஏறுறது இன்னும் குறுகும்.” யாரும் மறுக்கவில்லை. படத்தின் தலைப்பில் ‘பிப்ரவரி’ என்று உடனே எழுதிச் சேர்த்தார்கள்.

திரும்பும் வழியெல்லாம் சண்டை. ஆகஸ்டு படத்துக்குத் தாளம் மூன்றும் ஒன்பதுமாக இருக்கும் என்று தபேலாச் சிறுமி சொல்ல, தமிழ்ப் பையன் ‘தகிட’ என்று ஏற்றி ‘தகதிமி தகதகிட’ என்று இறக்கிக் காட்டினான். அளக்காமல் எப்படி மூன்று என்கிறாய் என்று ஓஸ்தாகர் வீட்டுப் பையன் மறித்தான். இரவிலும் படித்துறையில் உட்கார வேண்டியிருக்கும்; எந்த அப்பா எந்த இரவு துணைக்கு வருவார் என்ற பட்டியலை என் வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் நோன்பு திறக்க ஓடினார்கள்.