லயத்து பிளேயருக்கு ஒரு டிஸ்க்

மென்பொருள் முதலில் கேட்பது: டிவிடி வீடியோவா, விசிடியா, டேட்டா டிஸ்க்கா?

யார் வீட்டில் ஓடப் போகிறது என்பதை நான்தான் யோசிக்க வேண்டும்.

மூணாறு எஸ்டேட் லயத்தில் பெரியம்மா வீட்டு பிளேயர். பழசு. யுஎஸ்பி ஓட்டை கிடையாது. எம்பி4 எழுதிக் கொடுத்தால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். அப்போது டிவிடி வீடியோதான்.

எம்பெக்-2. விஓபி கோப்புகள். எவ்வளவு பெரிய கல்யாணமானாலும் 1 ஜிபிக்கு ஒரு துண்டு.

வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர். பக்கத்தில் ஆடியோ_டிஎஸ். அது காலி. காலிதானே என்று அழித்துவிடக் கூடாது. சில பழைய பிளேயர்கள் அதையும் தேடும்.

நமக்கு பால் முறை. விநாடிக்கு 25 ஃபிரேம், 720க்கு 576. இலங்கையிலும் அதுவே. அமெரிக்கா, கனடா, ஜப்பானில் என்டிஎஸ்சி: 29.97, 720க்கு 480.

நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும். அங்கே விற்ற பிளேயர்கள் பல, பால் டிஸ்க்கைத் தொடாது. டொரண்டோ சித்தப்பாவுக்குத் தனியாக ஒன்று.

டிஸ்க் உறையில் 4.7 ஜிபி. கம்ப்யூட்டரில் 4.38. டிஸ்க்கில் குறை இல்லை, கணக்கிடும் முறை வேறு.

இரண்டு மணி நேரம் ஏற்றினால் விநாடிக்கு 5 மெகாபிட் சொச்சம் கிடைக்கும். மூன்று மணி நேரம் என்றால் மூன்றரைக்குள். அதிலேயே சத்தமும் அடங்க வேண்டும்.

அட்சதை விழும் இடம்.

கெட்டிமேளம், ஃப்ளாஷ், நாலா பக்கமும் பறக்கும் அரிசி. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையில். முந்தைய ஃபிரேமைப் பார்த்து அடுத்ததைச் சுருக்குவதுதான் எம்பெக்கின் வழி. இங்கே முந்தையது எதுவும் உதவாது. பிட்ரேட் போதாவிட்டால் தாலி கட்டும் கை கட்டம் கட்டமாக உடைகிறது. நாத்தனார் முகமும் அப்படியே. இரண்டு விநாடியில் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் அந்த இரண்டு விநாடிக்காகத்தானே கேமராவை வைத்தோம்.

விசிடியில் இன்னும் மோசம். 352க்கு 288. விநாடிக்கு 1150 கிலோபிட், அசைவு மிகுந்த காட்சிக்கும் அதே, சும்மா இருக்கும் நாற்காலிக்கும் அதே.

தேயிலைச் சரிவு பச்சைக் களிம்பாகிவிடுகிறது. மூடுபனி சாம்பல் படிக்கட்டாகத் தெரிகிறது.

மினிடிவி (MiniDV) கேசட்டிலிருந்து எடுத்ததா? கீழ் ஃபீல்டு முதலில். மாற்றிப் போட்டால் நடக்கிறவர்கள் எல்லாரும் நடுங்குவார்கள். கம்ப்யூட்டர் திரையில் பெரும்பாலும் தெரியாது. பழைய பெட்டி டிவியில் போட்டால்தான் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை கல்யாணம், பொள்ளாச்சி ஸ்டுடியோ. டைட்டிலில் மாப்பிள்ளை பெயர் தமிழில், பெண் பெயர் மலையாளத்தில். அழகாக இருக்கிறது. அதைத் தொடாதே.

மெனு மட்டும் முழுக்க ஆங்கிலம். மெனு வேண்டாம். டிஸ்க்கைத் தள்ளியதும் ஓடட்டும்.

அடிமாலிப் பக்கத்திலிருந்து வந்த விஎச்எஸ் கேசட். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் கெடும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியாக வை.

மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் கேட்கிறார்கள். மலை ஈரத்தில் ஓரம் உப்பும், டிஸ்க் சமமாகச் சுற்றாது. மார்க்கரில் பெயரும் தேதியும் எழுதினால் போதும். பால்பாயிண்ட் பேனா கூடாது, சிடியில் மேல்பூச்சுக்கு அடியிலேயே பதிவு இருக்கிறது.

ஃபைனலைஸ். மூடாத டிஸ்க்கை மற்ற பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது.

மூணாறு பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவு. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போய்விட்டார்கள்.

அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். கல்யாணத்துக்கு எடுத்த டிஸ்க்கில் ஒரு காப்பி ஊருக்கும் அனுப்புவது வழக்கம்.

காப்பி எத்தனை என்று இனி வாடிக்கையாளரிடம் கேட்கப் போவதில்லை. இரண்டு. ஒன்று மலையில், ஒன்று கீழே.

டிஸ்க்குக்குச் சுருக்கிய பிறகும் அசல் கோப்பை வைத்திருக்க வேண்டும். மினிடிவி ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. ஹார்டு டிஸ்க் இன்னொன்று வாங்கியாக வேண்டும்.

நீளம் கூடினால் ஸ்டுடியோவில் முதலில் வெட்டுவது மொய் வரிசையை. ஒரே மேடை, ஒரே ஆங்கிள், கவர் கைமாறும், போட்டோவுக்கு நிற்பார்கள், அடுத்தவர். பார்க்க அலுப்புதான்.

எஸ்டேட் மொத்தமும் வரிசையாக முகம் காட்டுவது அங்கேதான். கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்த அக்காமார், ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து ஸ்வெட்டரோடு வந்தவர், கேமராவைப் பார்த்துச் சட்டென்று தலைமுடி ஒதுக்கும் பையன்.

வெட்டவில்லை. இரண்டு டிஸ்க்காகப் போடுகிறேன். முதலாவதில் முகூர்த்தம் மட்டும், 8 மெகாபிட். மொய்க்கு 4 போதும், யாரும் அதிகம் அசைவதில்லை.